மூன்று பெடல் உள்ள ஆட்டோமேட்டிக்

ஆர்சி புத்தகத்தில் ‘மாருதி ஜென் ஏஎக்ஸ்’ என்று இருந்தது. ஏஎக்ஸ் என்றால் ஆட்டோமேட்டிக். ஆனால் கதவைத் திறந்து குனிந்து பார்த்தால் மூன்று பெடல். பி, ஆர், என், டி, 2, எல் என்ற பழைய எழுத்துப் பட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக்கை அறுத்து ஓட்டை போட்டு, ரெக்சின் உறை மாட்டிய ஐந்து கியர் கம்பி ஒன்று எட்டிப் பார்த்தது. நியூட்ரலில் விட்டால் கம்பி ‘டி’ எழுத்துக்கு நேராக நின்றது.

“ஆட்டோமேட்டிக்குன்னு சொன்னீங்களே சார்?”

“இருந்துச்சு தம்பி,” என்றார் உரிமையாளர்.

தர்மபுரி பிடமனேரி பக்கம், வேப்பமரத்தடியில் நின்ற வண்டி. 1998 மாடல், டிஎன் 29 பதிவு. உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இடது முழங்கால் தேய்ந்து போனதால், கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத வண்டி வேண்டும் என்று 2009-இல் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார். எட்டு வருடம் நன்றாக ஓடியது. 2017-இல் வழுக்க ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. ‘இந்த கியர்பாக்ஸுக்கு சாமான் கிடைக்காது, சாதா கியர்பாக்ஸ் போட்டுடலாம்’ என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். சாரும் தலையாட்டிவிட்டார். வண்டி ஓடியது என்னவோ நிஜம். ஆனால் கிளட்ச் மிதிக்க அவர் காலால் முடியவில்லை. எந்தக் காலுக்காக வாங்கினாரோ அந்தக் காலுக்கே ஆகாத வண்டியாகத் திரும்பி வந்து மரத்தடியில் நின்றுவிட்டது. மகன் லீவுக்கு வந்தால் கோயிலுக்கு ஒரு நடை, அவ்வளவுதான்.

45,000 சொன்னார், 38,000-க்கு முடிந்தது. இது 2023 ஆடி மாதம்.

நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன், வீடு பாலக்கோடு. ஞாயிற்றுக்கிழமை கையில் ஸ்பேனர் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜென் மேல் ஆசை ரொம்ப நாளாக உண்டு. 993 சிசி, நாலு சிலிண்டர், முழு அலுமினிய என்ஜின். இந்த மாடல் கார்புரேட்டர் வண்டி, லேப்டாப் தேவைப்படாது. நானே படுத்து எழுந்து பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் கணக்கு.

மாற்றிய வண்டி என்று தெரிந்ததும் முதலில் பார்த்தது என்ஜின் நம்பர். இதை யாருக்கும் சொல்வேன். கியர்பாக்ஸ் மாற்றுகிறேன் என்று சொல்லி, ஸ்கிராப் வண்டியிலிருந்து என்ஜினும் கியர்பாக்ஸுமாகச் சேர்த்துத் தூக்கி வைத்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது சுலபம், இரண்டையும் பிரிக்க வேண்டாம். ஆனால் ஆர்சியில் ஒரு நம்பர், பிளாக்கில் வேறு நம்பர் என்றால் மாட்டிக்கொள்வது வாங்குகிறவன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்வதும் இதுதான்: ஆர்சியில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. டீசலில் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. சேசிஸ் நம்பரும் சரி.

அப்புறம் பானெட்டுக்குள் ஒரு சுற்று. கூலன்ட் ரிசர்வ் டப்பாவின் உள்சுவரில், பாதி உயரத்தில், காய்ந்துபோன இளஞ்சிவப்புப் படலம் ஒன்று வளையமாக ஒட்டியிருந்தது. ரோஸ்மில்க் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த டம்ளர் மாதிரி. பார்த்தேன். யாரோ கண்ட கலர் கூலன்ட்டை ஊற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மூடிவிட்டேன். அந்த இடத்தில் ஐந்து நிமிடம் யோசித்திருந்தால் பின்னால் தொப்பூரில் ரோட்டோரம் நின்றிருக்க வேண்டியதில்லை.

ஸ்பீடாமீட்டர் முள் அசையவில்லை. கேபிள் கியர்பாக்ஸ் பக்கம் எட்டாமல் சுருட்டிக் கட்டியிருந்தது. ஓடோமீட்டர் 2017-இல் கியர்பாக்ஸ் மாற்றிய அன்றோடு நின்றிருக்கிறது.

வீட்டுக்கு ஓட்டி வந்த இருபது இருபத்தைந்து கிலோமீட்டரிலேயே வண்டி தன் கதையைச் சொல்லிவிட்டது. மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ‘டக்’கென்று கியர் தானாக வெளியே வந்துவிடும். வண்டியைக் கிளப்பும்போது கிளட்ச் விடும் இடத்தில் ஒரு நடுக்கம். வழியில் பெட்ரோல் போட நிறுத்தினேன், மறுபடி செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. பேட்டரி நன்றாக இருந்தது, ஹாரன் அடித்தது. பங்க் பையன்கள் இரண்டு பேர் தள்ளிவிட்டார்கள். ஒரு லாபம்: ஆட்டோமேட்டிக்காகவே இருந்திருந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்திருக்க முடியாது.

வீட்டு வாசலில் வண்டியைப் பார்த்ததும் மனைவி உள்ளே எட்டிப் பார்த்தாள். “எனக்கு ஓட்ட ஈஸியா இருக்கும்னு சொன்னீங்க. இதென்ன மூணு பெடலு?” நான் ஒன்றும் பேசவில்லை.

*

செல்ஃப் எடுக்காத விஷயத்தை முதல் ஞாயிறே பிடித்துவிட்டேன். ஆட்டோமேட்டிக் வண்டி ‘பி’ (பார்க்) அல்லது ‘என்’ (நியூட்ரல்) நிலையில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். கியர்பாக்ஸில் இருக்கும் ஒரு சுவிட்ச் வழியாகத்தான் செல்ஃபுக்குப் போகும் சிக்னல் வரும். அந்தக் கியர்பாக்ஸே போய்விட்டதால் சுவிட்சும் போய்விட்டது. இரண்டு வயரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் வண்டி எடுக்கும். அதைத்தான் செய்திருந்தார்கள், ஆனால் வெறும் முறுக்கல். சால்டர் இல்லை. மேலே சுற்றிய இன்சுலேஷன் டேப் சூட்டில் உருகிப் பிசினாகி, உள்ளே செம்பு பச்சை பிடித்திருந்தது. என்ஜின் சூடானால் இணைப்பு விடும், ஆறினால் பிடிக்கும்.

வெட்டி, சுத்தம் செய்து, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டேன். அதே கட்டில் ரிவர்ஸ் லைட் வயரும் அநாதையாகத் தொங்கியது. பழைய சுவிட்ச்தான் ரிவர்ஸ் லைட்டுக்கும் கரண்ட் கொடுத்தது. மேனுவல் கியர்பாக்ஸில் ரிவர்ஸ் லைட்டுக்கென்று தனி சுவிட்ச் இருக்கிறது, அதில் வயர் மாட்டவே இல்லை. ஆறு வருடமாக இந்த வண்டி விளக்கில்லாமல் பின்னால் போயிருக்கிறது. முக்கால் மீட்டர் வயர் நீட்டியதும் எரிந்தது.

இந்த வேலை முடிந்த சந்தோஷத்தில் மச்சானிடம் சாவியைக் கொடுத்து, “ஸ்டார்ட் பண்ணு” என்றேன். வண்டி முதல் கியரில் நின்றது எனக்கு ஞாபகமில்லை. சுவிட்சைத் தாண்டி வயர் போட்டாகிவிட்டது, கியரில் இருந்தாலும் செல்ஃப் சுற்றும். வண்டி ஒரு துள்ளு துள்ளி, துணி துவைக்கிற கல்லில் போய் முட்டியது. நம்பர் பிளேட் வளைந்தது. அந்தக் காலத்து எந்த மேனுவல் வண்டியும் இப்படித்தான், ஆனாலும் அன்றிலிருந்து கியரை ஆட்டிப் பார்க்காமல் நான் சாவியைத் தொடுவதில்லை.

*

கியர் கழன்று விழுவதும் கிளட்ச் நடுக்கமும் அவ்வளவு சுலபத்தில் முடியவில்லை. அதற்குள் போவதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டோமேட்டிக்கை மேனுவலாக்குவது ஒரு பெட்டியைக் கழற்றி இன்னொன்றை மாட்டும் வேலை இல்லை. என்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் டார்க் கன்வர்டர் போகும், அதைத் தாங்கிய மெல்லிய தகடும் போகும். அந்த இடத்துக்கு ஃப்ளைவீல் என்ற கனத்த இரும்புச் சக்கரம், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் வரும். பெடல் செட், கிளட்ச் கேபிள், கியர் கம்பி, அதன் ராடு, கியர்பாக்ஸைப் பாடியோடு தாங்கும் மவுண்ட், ஆக்சில், வயரிங் என்று ஒன்றைத் தொட்டால் ஒன்பது வரும். ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் ஓடாத ஜென் ஒன்றை முழுசாக வாங்கி, அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி இதில் மாட்ட வேண்டும். சார் வண்டிக்குக் கியர்பாக்ஸும் கிளட்சும் பெடலும் மட்டும் வந்திருக்கின்றன. மிச்சமெல்லாம் பட்டறையில் ‘செய்தது’.

மவுண்ட் அப்படிச் செய்ததுதான். எல் ஆங்கிளை வெட்டி, வெல்டிங் வைத்து, லாரிக்குப் போடுகிற மாதிரி கனத்த ரப்பர் ஒன்றை நடுவில் திணித்திருந்தார்கள். வெல்டிங்கைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல வெல்டிங். அளவுதான் தப்பு. கியர்பாக்ஸ் பக்கம் ஒரு விரல் அகலம் தாழ்ந்து உட்கார்ந்திருந்தது. ஒரு ஆளை ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விடச் சொல்லிவிட்டு நான் பானெட்டைத் திறந்து பார்த்தேன். காலை விடும் ஒவ்வொரு முறையும் என்ஜின் குப்புறச் சாய்ந்து நிமிர்ந்தது. கியர் ராடு ஒரு முனையில் பாடியோடும் மறு முனையில் கியர்பாக்ஸோடும் இருக்கிறது. கியர்பாக்ஸ் நகர்ந்தால் ராடு இழுபடும், இழுபட்டால் பல் முழுசாகப் பிடிக்காமல் நிற்கும் கியர் வெளியே வந்துவிடும். ராடு வேறு இரண்டு துண்டாக அறுத்து நடுவில் குழாய் வைத்து நீட்டியது, அதன் புஷ்ஷில் விரல் நுழையும் அளவுக்கு ஆட்டம்.

“மூணாவது கியர் பல் தேஞ்சிருக்கும், பாக்ஸை இறக்கிப் பிரிக்கணும்” என்று பாலக்கோட்டில் இரண்டு பேர் சொன்னார்கள். பிரிக்கவில்லை. ஓசூரிலிருந்து ஒரு சனிக்கிழமை பெங்களூர் சிவாஜிநகர் போனேன். பழைய வண்டிச் சாமான் வேண்டுமென்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதுதான் திசை. மேனுவல் ஜென்னின் மவுண்ட் பிராக்கெட், கியர் ராடு முழு செட், சரியான நீள ஸ்பீடாமீட்டர் கேபிள் எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். கடைக்காரர் கன்னடத்தில் 4,000-இல் ஆரம்பித்து, தெலுங்கில் 3,200-க்கு வந்து, தமிழில் முடித்தார்.

கிளட்ச் நடுக்கத்துக்காக எப்படியும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டியிருந்தது. வீட்டில் லிஃப்ட் கிடையாது. இரண்டு பக்க மட்கார்டு மேலும் பழைய சாக்கு மடித்து வைத்து, குறுக்கே ஜிஐ பைப் போட்டு, செயினில் என்ஜினைத் தொங்கவிட்டோம். கியர் ஆயிலை வடித்து, ஆக்சில்களைக் கழற்றி, அடியில் ஜாக்கி கொடுத்து மெதுவாகப் பின்னால் இழுத்தால் பாக்ஸ் வந்துவிடும். சின்ன பாக்ஸ்தான், இரண்டு பேர் போதும். மத்தியானம் அம்மா களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, “இதை வாங்குனதுக்கு ரெண்டு ஆடு வாங்கியிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரஷர் பிளேட்டைக் கழற்றினேன். கிளட்ச் பிளேட்டில் ஆயில் கறை, அதுதான் நடுக்கம். என்ஜினின் சுழல் தண்டான கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறது. சரி, இதோடு போச்சு என்று ஃப்ளைவீல் போல்ட்டில் சாக்கெட்டை வைத்துத் திருப்பினேன். முதல் போல்ட் நான்கு சுற்றில் கையோடு வந்துவிட்டது.

நான்கு சுற்று. சந்தேகத்தில் அடுத்ததையும் எண்ணிக்கொண்டே கழற்றினேன். அதுவும் நான்கு. எல்லாம் அப்படித்தான். போல்ட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். நுனியில் கொஞ்சம் மட்டும் மரை பளபளவென்று தேய்ந்திருந்தது, மேலே முழுக்கத் துருவோடு மங்கல். பழைய ஆட்டோமேட்டிக் தகடு மெல்லியது, அதற்கு வந்த போல்ட்டும் குட்டை. ஃப்ளைவீல் அதைவிடப் பல மடங்கு கனம். தகட்டைப் பிடித்த போல்ட்டை வைத்தே ஃப்ளைவீலையும் பிடித்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் இரும்புத் தட்டை நான்கு மரைதான் தாங்கிக்கொண்டிருந்தது, அதுவும் டிரைவரின் கால் இருக்கும் இடத்துக்கு நேர் முன்னால். சாரின் மகன் கோயிலுக்குப் போன பாதை, நான் பிடமனேரியிலிருந்து ஓட்டி வந்த பாதை, எல்லாம் ஒரு நொடி ஓடியது. அன்றைக்கு அப்புறம் வேலை செய்யவில்லை, கையைக் கழுவிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

மேனுவல் ஜென்னுக்குரிய ஃப்ளைவீல் போல்ட் புதிதாக வாங்கினேன். ஸ்பேர் கடையில் “எல்லாம் ஒண்ணுதான்” என்று ஏதோ ஒன்றை எடுத்து நீட்டுவார்கள், நான் பழையதைக் கையில் கொண்டுபோய், “இது வேண்டாம், இதைவிட நீளமானது” என்று காட்டி வாங்கினேன். மரை கழலாமல் பிடிக்க லாக்டைட் பசை, இறுக்கத்தை அளந்து திருப்பக் கம்பெனியிலிருந்து டார்க் ரென்ச், குறுக்குமறுக்காக இறுக்கம். கிராங்க் ஆயில் சீல் புதிது. ஃப்ளைவீல் நடுவில் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் மூக்கு உட்காரும் சின்ன பேரிங், விரலால் சுற்றினால் மணல் அரைக்கிற மாதிரி இருந்தது. அதுவும் மாற்றினேன். கிளட்ச் செட் முழுசாக 3,400 ரூபாய். மெஷினிங்குக்கு ஃப்ளைவீலைக் கொடுத்தேன், ஓசூரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்.

கிளட்ச் கேபிள் கதை சின்னது. என்ஜினுக்கும் டிரைவர் காலுக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வால் தகட்டில் ஓட்டையை உளி வைத்து அடித்துத் திறந்திருக்கிறார்கள், விளிம்பு ரம்பம் போல இருந்தது. கேபிள் உறை அதில் உரசி, உள்ளே கம்பியிழை ஐந்தாறு அறுந்து மீசையாக நின்றது. பெடலை மிதித்தால் தகடே உள்ளே குழிந்து வெளியே வந்தது, பாதி மிதி அதிலேயே போய்விடும். கிளட்ச் கடினமாக இருக்கிறது என்று சார் விட்டதற்கு முழங்கால் மட்டும் காரணமில்லை என்று அப்போது தோன்றியது. 3 மில்லிமீட்டர் தகட்டில் உள்ளங்கை அளவு பட்டை வெட்டி, ஓட்டையை வட்டமாக ராவி, ரப்பர் வளையம் போட்டு, நான்கு போல்ட்டில் பிடித்தேன். புது கேபிள். இப்போது பெடல் வெண்ணெய் மாதிரி இல்லாவிட்டாலும் பெடல் மாதிரி இருக்கிறது.

கியர் ஆயில் 80டபிள்யூ-90, பக்கவாட்டு ஓட்டையில் வழியும் வரை. மவுண்ட் தன் இடத்தில் சொன்னபடி உட்கார்ந்தது. பழைய கியர்பாக்ஸுக்காக ஆக்சிலரேட்டர் பக்கத்திலிருந்து போன கேபிள் ஒன்றும், டேஷ்போர்டுக்குக் கீழே அதன் வயர் கூட்டமும் வேலையில்லாமல் கிடந்தன. கேபிளைக் கழற்றி எறிந்தேன். வயரை அறுக்கவில்லை, முனைகளை மூடி ஓரமாகக் கட்டினேன். தெரியாத வயரை அறுத்துத்தான் இந்த வண்டி இந்த நிலைக்கு வந்தது.

*

மூன்றாவது கியர் நிற்கிறதா என்று பார்க்க எங்கள் ஊரில் தொப்பூரை விட்டால் வேறு இடம் ஏது? தர்மபுரியிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44, தொப்பூர் கணவாயில் நீளமாக இறங்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் லாரிகளால் பேர்போன இறக்கம். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்: மூன்றில் போட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுசாக எடுத்து, என்ஜின் பிடியிலேயே இறங்குவது. கியர் கழலும் என்றால் அங்கே கழன்றுவிடும்.

அதிகாலை ஐந்தரைக்குப் போனேன். பக்கத்தில் மச்சான். இறக்கம் தொடங்கியதும் மூன்றில் போட்டுக் காலை எடுத்தேன், கம்பியைத் தொடவில்லை. என்ஜின் உறுமிக்கொண்டு பிடித்தது. ஸ்பீடாமீட்டர் 50-இல் நின்றது, மச்சான் கைப்பேசி ஜிபிஎஸ்ஸும் ஏறக்குறைய அதையே சொன்னது. அடிவாரம் வரை கியர் அசையவில்லை. கீழே டீ குடித்தோம். எனக்குப் பாதி உலகத்தை ஜெயித்த மாதிரி.

திரும்பி ஏறும்போது பாதிக் கணவாயில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது.

ஓரம் கட்டி, ஆறவிட்டு, மூடியைத் திறந்தால் ரேடியேட்டரில் பாதித் தண்ணீர் இல்லை. வீட்டில் கிளம்பும்போது நிறைத்தது. கீழே படுத்துப் பார்த்தேன். ஹோஸ் எல்லாம் உலர்ந்திருந்தது, பம்ப் உலர்ந்திருந்தது. என்ஜின் ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை, டிப்ஸ்டிக் சுத்தம். என்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ என்று வயிறு கலங்கியது. மச்சான்தான், “மாமா, இதென்ன சொட்டுது” என்று டார்ச் அடித்தான்.

ரேடியேட்டரின் அடித் தொட்டியிலிருந்து சின்னதாக இரண்டு குழாய் மூக்கு வெளியே வரும். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர்பாக்ஸ் ஆயில் குளிர்வதற்காக ரேடியேட்டருக்குள்ளேயே ஒரு குழாய் ஓடும், அதன் இரண்டு முனைகள் அவை. கியர்பாக்ஸ் போனபின் அவற்றுக்கு வேலையில்லை. ஹோஸ் துண்டு மாட்டி, அதில் ஒரு போல்ட்டை அடித்து, கட்டுக்கம்பி சுற்றி விட்டிருந்தார்கள். அதில் ஒன்றிலிருந்துதான் சொட்டு. விரலில் எடுத்தேன், தண்ணீர். ஆயில் குழாயிலிருந்து தண்ணீர் ஏன் வர வேண்டும்?

அப்போதுதான் ரிசர்வ் டப்பாவின் ரோஸ்மில்க் வளையம் ஞாபகம் வந்தது.

ரோட்டோரத்திலிருந்தே சாருக்குப் போன் போட்டேன். “சார், 2017-ல வண்டி வழுக்கறதுக்கு முன்னாடி ரேடியேட்டர் தண்ணி நிறம் மாறிச்சா?”

“ஆமா தம்பி. பால் கலந்த கலர்ல இருந்துச்சு, ரோஸா. கழுவி ஊத்தி வேற தண்ணி புடிச்சாங்க. அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துல கியர்பாக்ஸ் போச்சு. ஏன்?”

கியர்பாக்ஸ் ஆயில் சிவப்பு. உள்குழாய் அரித்து ஓட்டையானால், ஓடும்போது ஆயில் அழுத்தம் அதிகம், அது தண்ணீருக்குள் வரும், கலந்தால் ரோஸ்மில்க். வண்டியை நிறுத்தியபின் ஆயில் பம்ப் நின்றுவிடும், ஆனால் ரேடியேட்டரில் சூட்டின் அழுத்தம் இருக்கும். இப்போது தண்ணீர் ஆயிலுக்குள் போகும். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தகடுகளின் மேல் ஒட்டிய பூச்சு தண்ணீர் பட்டால் உரிந்துவிடும். அப்புறம் வழுக்கத்தான் செய்யும். ஆக, கியர்பாக்ஸ் தானாகச் சாகவில்லை, ரேடியேட்டர் கொன்றது. செத்ததைத் தூக்கி எறிந்துவிட்டு, கொன்றதை அதே இடத்தில் வைத்து இரண்டு போல்ட் அடித்திருக்கிறார்கள். அன்றைக்குத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து ரேடியேட்டரையும் ஆயிலையும் மாற்றியிருந்தால் சார் இன்றும் ஆட்டோமேட்டிக் ஓட்டிக்கொண்டிருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது. வாய்ப்பு இருந்தது. இதை நான் போனில் சொல்லவில்லை.

தண்ணீர் ஊற்றி ஊற்றி, நின்று நின்று, பத்து மணிக்கு வீடு வந்தோம். சந்தேகத்தை உறுதிப்படுத்த ரேடியேட்டரைக் கழற்றி நிமிர்த்தி வைத்து, நிறையத் தண்ணீர் பிடித்து, மூடியைத் திறந்துவிட்டேன். ஒரு மூக்கை அடைத்து, இன்னொன்றில் ஹோஸ் மாட்டி சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று அடித்தேன். உள்குழாய் நன்றாக இருந்தால் காற்று எங்கும் போகாது, பம்ப் எதிர்த்து நிற்கும். மூன்றாவது அடிக்கே மேல் வாயில் குமிழ் குமிழாகக் கொப்பளித்தது, அதோடு உள்ளே ஒளிந்திருந்த பழைய இளஞ்சிவப்புக் கசடு இழை இழையாக மேலே வந்தது. மகள் ஓடி வந்து பார்த்துவிட்டு, “அப்பா, சேமியா பாயசம்” என்றாள்.

மேனுவல் ஜென்னுக்கான புது ரேடியேட்டர், உள்ளே ஆயில் குழாய் இல்லாதது, 3,900 ரூபாய். பிடிப்பு ஓட்டைகள் பழைய இடத்திலேயே உட்கார்ந்தன. என்ஜினுக்குள் தண்ணீர்ப் பாதையை மூன்று முறை கழுவினேன். ஆயில் பட்டு உப்பிப்போன ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி எல்லாம் மாற்றினேன். ரிசர்வ் டப்பாவை சோப்புத்தூளும் அரிசியும் போட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினேன், அந்த வளையம் மட்டும் முழுசாகப் போகவில்லை.

அக்டோபரில் எஃப்சி, அதாவது ஆர்சியைப் புதுப்பிப்பதற்கான தகுதிச் சோதனை. பதினைந்து வருடம் தாண்டிய சொந்த உபயோகக் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் அப்போது 5,000 ரூபாய், 2022 ஏப்ரலுக்கு முன்பு 600. பசுமை வரி தனி. சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர், விளக்கு, பிரேக், புகை எல்லாம் பார்த்தார்கள். ரிவர்ஸ் போடச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தார் அதிகாரி. எரிந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவர், பி ஆர் என் டி பட்டையையும் பக்கத்தில் நிற்கும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “என்னய்யா இது” என்றார். கதையைச் சொன்னேன், சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வாங்கிய விலையை விட்டுவிட்டால் சாமான், லேத், எஃப்சி எல்லாம் சேர்த்து 24,000 தாண்டிவிட்டது. என் ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கணக்கில்லை. மனைவி இப்போது வாரத்தில் இரண்டு நாள் காலையில், நெரிசல் தொடங்குமுன், சர்க்கரை ஆலை ரோட்டில் ஓட்டிப் பழகுகிறாள். ஹாஃப் கிளட்ச்சில் இன்னும் வண்டி அணைகிறது.

மிச்சம் இருப்பது: ஆறின வண்டியில் ரிவர்ஸ் போடும்போது ஒரு சின்ன ‘கர்ர்’. இரண்டு நொடி பொறுத்துப் போட்டால் வருவதில்லை. கேபிள் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டியிருக்கலாம், பொங்கல் லீவில் பார்க்க வேண்டும். ரிசர்வ் டப்பாவில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஐந்து வாரமாகத் தினமும் காலையில் பானெட்டைத் தூக்கிப் பார்க்கிறேன், தண்ணீர் கோட்டில்தான் நிற்கிறது.